காதுக்கு எட்டும், கண்ணுக்கு எட்டாது

நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் படித்துக் காட்டவேண்டிய புத்தகம் எது? அவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடியதா, கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடியதா? இந்த இரண்டுக்கும் நடுவில் பல வருட தூரம் இருக்கிறது.

முதல் நாள் படுதோல்வி. நான்காம் வகுப்பை ஒரு வருடப் பரிசோதனைக்காகக் கேட்டு வாங்கிக்கொண்ட லட்சுமிசங்கர் என்ற ஆசிரியர், பிள்ளைகளை 'அமைதி விளையாட்டு' ஆடவைக்கப் பார்க்கிறார். கூச்சலும் சிரிப்பும்தான் மிச்சம். வேறு வழியில்லாமல் வகுப்பைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். மறுநாள் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு ராஜா கதையோடு வருகிறார். சத்தம் அடங்குகிறது. கதையோ அன்றைக்குள் முடிகிற கதை அல்ல. அடுத்த நாளும் பிள்ளைகள் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் பதேகா 1930களின் தொடக்கத்தில் எழுதிய 'திவாஸ்வப்ன' நாவலின் ஆரம்பம் இது. நேஷனல் புக் டிரஸ்ட் மூலம் 'பகல் கனவு' என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது. நாவல் என்றாலும், 1920-இல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கிக் குழந்தைகளோடு பழகியவரின் அனுபவம் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. லட்சுமிசங்கர் கதையோடு நிற்கவில்லை. பாடநூல் வாங்கும் பணத்தில் கதைப் புத்தகங்கள் வாங்கி வகுப்புக்கென்று ஒரு நூலகமே அமைக்கிறார். பெற்றோர் சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

கதை சொன்னால் வகுப்பு அடங்கும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. சிக்கல் அடுத்த கேள்வியில்தான்: எந்தக் கதை? முதல் வகுப்புக்கு விடை சுலபம். பெரிய படம், திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி, ஒரு யானை, ஒரு எறும்பு. ஒன்பது முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் எறும்பு எடுபடாது. பெரியவர்களின் நாவலுக்கும் இன்னும் காலம் வரவில்லை. இந்த இடைவெளியில்தான் ஆசிரியர்கள் தடுமாறுகிறார்கள். கடைசியில் கைக்குக் கிடைத்த நீதிக்கதைத் தொகுப்பை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள்.

பத்து வயது மனம், ஏழு வயது வாசிப்பு

இது வெறும் ரசனை விவகாரமல்ல. 'பிரதம்' அமைப்பின் 'அசர்' ஆய்வு நாட்டின் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு பகுதியைப் படிக்க முடிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 50.5 சதவீதம். பள்ளிகள் மூடிக்கிடந்த கொரோனா காலத்துக்குப் பிறகு, 2022-இல் அது 42.8 சதவீதமாகச் சரிந்தது. 2024-இல் 48.8 சதவீதம். அதாவது முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஐந்தாம் வகுப்பில் ஏறக்குறைய பதினைந்து பேருக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகமே கடினம்.

இதற்கு வழக்கமான வைத்தியம், அந்தப் பதினைந்து பேருக்கும் சின்னப் புத்தகம் கொடுப்பது. எழுத்துப் பயிற்சிக்கு அது தேவைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள் அல்ல. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள். கடைக்குப் போய்க் கணக்கு தவறாமல் சில்லறை வாங்கி வருகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதன் அர்த்தம் அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் பூனை பால் குடித்த கதையை நீட்டினால், புத்தகம் என்றாலே இவ்வளவுதான் போலிருக்கிறது என்ற முடிவுக்கு அது வந்துவிடும்.

அரசுத் திட்டங்களின் கவனமும் கீழ் வகுப்புகளில்தான் குவிந்திருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. 2008-இல் கொண்டுவந்த 'பர்கா' வரிசையின் 40 கதைப் புத்தகங்களும் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கானவை. 2021-இல் தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டத்தின் எல்லை மூன்றாம் வகுப்பு. அந்த எல்லையைத் தாண்டும் முன் படிக்கக் கற்றுக்கொள்ளாத பிள்ளை நான்காம் வகுப்பில் கனமான பாடநூல்களோடு தனியாக விடப்படுகிறது.

படித்துக் காட்டுவதன் பயன் இங்கேதான். கஃப், டன்மர் என்ற இரு உளவியலாளர்கள் 1986-இல் முன்வைத்த ஒரு விளக்கம் வாசிப்பு ஆய்வுகளில் இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது. படித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனும், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்வது. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எழுத்தில் பின்தங்கிய பிள்ளைக்குக் கேட்கும் திறனையும் வளர்க்காமல் விட்டால் நஷ்டம் இரட்டிப்பு. உரக்கப் படிப்பதற்கென்றே 1982-இல் கையேடு வெளியிட்ட அமெரிக்கர் ஜிம் ட்ரெலீஸ் ஓயாமல் வலியுறுத்தியதும் இதைத்தான்: தொடக்கப் பள்ளி வயதில் காது கண்ணைவிட வெகுதூரம் முன்னால் போகிறது.

ஆகவே தேர்வுக்கு முதல் விதி இப்படி அமைகிறது: பிள்ளையின் வாசிப்பு மட்டத்தைப் பார்க்காதே, வயதைப் பார். தாங்களாகப் படித்தால் தடுக்கி விழக்கூடிய, ஆனால் கேட்டால் விடமாட்டார்கள் என்ற புத்தகமே சரியான புத்தகம்.

ஹமீதின் இடுக்கி

இதற்குக் கச்சிதமான உதாரணம் பிரேம்சந்தின் 'ஈத்கா'. 1933-இல் வெளிவந்த இந்தக் கதையின் நாயகன் ஹமீதுக்கு நான்கைந்து வயதுதான். தாயும் தகப்பனும் இல்லை. பாட்டி அமீனாவின் வளர்ப்பு. ரம்ஜான் திருவிழாச் சந்தைக்கு மூன்று பைசாவோடு போகிறான். மற்றப் பையன்கள் சிப்பாய் பொம்மையும் வக்கீல் பொம்மையும் மிட்டாயும் வாங்க, ஹமீது ஒரு இரும்பு இடுக்கி வாங்குகிறான். ரொட்டியைத் திருப்பும்போது பாட்டியின் விரல்கள் சுடுகின்றனவே!

ஐந்து வயதுப் பையனின் இந்தக் கதையை என்.சி.இ.ஆர்.டி. சேர்த்தது பதினோராம் வகுப்பு ஹிந்திப் பாடநூலில். காரணம் புரியக்கூடியதுதான். நீண்ட வர்ணனை, உருதுச் சொற்கள், போலீஸையும் கோர்ட்டையும் பற்றிய நையாண்டி என்று கண்ணுக்குக் கடினமான நடை. ஆனால் இதையே நிதானமாகப் படித்துக் காட்டினால் நான்காம் வகுப்பு வாய்பிளந்து கேட்கும். பைசாக் கணக்கை அவர்கள் ஆசிரியருக்கு முன்னால் போட்டுவிடுவார்கள். தன் இடுக்கியே எல்லா பொம்மைகளையும்விட உசத்தி என்று ஹமீது வாதாடி ஜெயிக்கும் இடம், பத்து வயதுக்காரர்கள் மைதானத்தில் தினமும் செய்வதுதான். இரண்டு மூன்று பீரியட்டில் கதை முடிந்துவிடும். தொடர்ந்து படித்துக் காட்டிப் பழக்கமில்லாத ஆசிரியருக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது.

ஆசிரியர் செய்யவேண்டிய முன்வேலை ஒன்று உண்டு. தொடக்கத்தில் வரும் ஈத் காலை வர்ணனை நீளமானது. அதை இழுத்தால் வகுப்பு நழுவும். எங்கே வேகம் கூட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே ஒருமுறை தனியாக உரக்கப் படித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இரவுக்கு ஒரு கதை

சிறுகதை பழகியபின் நீண்ட புத்தகம். மராத்தியில் இதற்கென்றே செய்ததுபோல ஒன்று இருக்கிறது: சானே குருஜியின் 'ஷ்யாம்சீ ஆயி'. 1933-இல் நாசிக் சிறையில் எழுதப்பட்டு 1935-இல் வெளிவந்தது. ஆசார்ய ஆத்ரே இதைப் படமாக்கி, 1954-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதில் ஜனாதிபதியின் தங்கப் பதக்கத்தை வென்றார். ஆசிரம நண்பர்களுக்கு ஷ்யாம் இரவுதோறும் தன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறான். அத்தியாயங்களுக்குப் பெயரே முதல் இரவு, இரண்டாம் இரவு என்றுதான். கேட்பதற்காகவே பிரித்துவைத்த புத்தகம்.

நீச்சலுக்குப் பயந்து ஒளிந்துகொள்ளும் ஷ்யாமை அம்மா பிரம்பால் அடித்து விரட்டும் அத்தியாயம், கிணறும் குளமும் உள்ள எந்த ஊர்ப் பள்ளியிலும் எடுபடும். ஆனால் எல்லா இரவுகளும் அப்படியல்ல. சில அத்தியாயங்களில் உபதேசம் தூக்கலாக இருக்கிறது. கண்ணீர் அடிக்கடி வழிகிறது. பின்னணியாக ஆசாரமான கொங்கணப் பிராமணக் குடும்பத்தின் அந்தக்கால வழக்கங்கள். முழுக்கப் படிப்பதா, பொறுக்கிப் படிப்பதா? இரவுகள் பெரும்பாலும் தனித்தனியாக நிற்பவை என்பதால் பொறுக்குவதில் நஷ்டமில்லை. 'இது எல்லோரும் படிக்கவேண்டிய அமர இலக்கியம்' என்பது வகுப்பறைக்குப் போதுமான சிபாரிசு அல்ல. இந்த அத்தியாயம், இந்த முப்பது பேருக்கு, இன்றைக்கு — கேள்வி அவ்வளவுதான்.

வேகம் வேண்டுமென்றால் வங்காளத்துக்குப் போகவேண்டும். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'சாந்தேர் பஹாட்' 1937-இல் புத்தகமாக வந்தது. ஆப்பிரிக்காவையே பார்க்காத ஆசிரியர், ஷங்கர் என்ற வங்காள கிராமத்து இளைஞனை உகாண்டா ரயில்வே வேலைக்கு அனுப்பி, அங்கிருந்து வைரம் தேடும் பயணத்துக்கு இழுத்துச் செல்கிறார். ராத்திரியில் சிங்கம் உலவும் ரயில் நிலையத்தில் ஒற்றை ஆளாக இருக்கும் ஷங்கரை அப்படியே விட்டுவிட்டு ஆசிரியர் புத்தகத்தை மூடினால், மறுநாள் வருகைப் பதிவேட்டில் வித்தியாசம் தெரியும். எச்சரிக்கையும் வேண்டும். ஆப்பிரிக்க மக்களைப் பற்றிய அந்தக்காலப் பார்வை சில இடங்களில் இன்று உறுத்தும். அங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, 'எழுதியவர் அங்கே போனதில்லை, தெரியுமா?' என்று சொன்னால், ஒரு புத்தகத்தோடு வாதாடலாம் என்பதையும் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

ரயில் பெட்டிப் பள்ளி

இந்திய ஆசிரியர்கள் பலருக்கும் பிரியமானது ஜப்பானியப் புத்தகம் ஒன்று. தெத்ஸுகோ குரோயானகி 1981-இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்' நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழ் உள்படப் பல இந்திய மொழிகளுக்கு வந்தது. முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளான வேறொரு பள்ளிக்குப் போகிறாள். அவள் பேசுவதைத் தலைமையாசிரியர் கோபயாஷி மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கிறார்.

நாயகி வயதில் சின்னவள். ஆனாலும் பத்து வயதுக்காரர்கள் இதைச் சின்னப்பிள்ளைக் கதை என்று ஒதுக்குவதில்லை. அவர்களுக்குப் பரிச்சயமான அநியாயங்கள் இதில் இருக்கின்றன. அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான். பத்து நிமிடத்தில் ஒன்று முடியும். ஆனால் இதிலும் முன்கூட்டிப் படிக்காத ஆசிரியர் மாட்டிக்கொள்வார். போலியோ பாதித்த நண்பன் யாசுவாகியை டோட்டோ-சான் பாடுபட்டு மரமேற்றும் அத்தியாயத்தில் குதூகலிக்கும் வகுப்புக்கு, பின்னால் அவன் மரணமும் காத்திருக்கிறது. கடைசியில் குண்டு வீச்சில் பள்ளியே எரிந்துபோகிறது. பிள்ளைகள் உடையில்லாமல் நீச்சல் குளத்தில் இறங்கும் அத்தியாயத்தில் சில ஆசிரியர்களுக்கு நாக்கு குழறும்.

மரணம் வருகிற கதையை ஒதுக்கிவிடலாமா? கூடாது. ஐந்தாம் வகுப்பில் ஏற்கெனவே மரணத்தைப் பார்த்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த அத்தியாயத்தைக் கடைசி மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் படிக்கக்கூடாது. படித்தபின் கொஞ்ச நேரம் சும்மா இருக்க அவகாசம் வேண்டும்.

மூச்சு முட்டும் வாக்கியம்

நல்ல கதை, சரியான வயது எல்லாம் பொருந்தியும் சில புத்தகங்கள் வகுப்பில் விழுந்துவிடுகின்றன. குற்றவாளி பெரும்பாலும் வாக்கியம்; அதிலும் மொழிபெயர்ப்பு வாக்கியம். தமிழ், ஹிந்தி, மராத்தி, வங்காளி எல்லாவற்றிலும் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் 'அவன் ஓடினான்' என்று முதலிலேயே சொல்லிவிட்டு விவரங்களை வால்போல நீட்டலாம். அதை அப்படியே தூக்கி இந்திய மொழியில் போட்டால், 'ஆற்றங்கரையில் அன்று பார்த்த கிழவர் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்த அந்தப் பையன்' என்று விவரங்கள் முன்னால் குவிந்து, அவன் என்ன செய்தான் என்பது கடைசிவரை தெரியாது. கண்ணால் படிப்பவர் திரும்பிப் பார்க்கலாம். காதுக்குத் திரும்பிப் பார்க்கும் வசதி இல்லை.

இதற்கான சோதனை எளிது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து உரக்கப் படிக்கவேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டு தடவை மூச்சு வாங்கவேண்டியிருந்தால், உரையாடலில் யார் பேசுகிறார்கள் என்பது குரலில் தெரியாவிட்டால், அந்தப் பதிப்பை வைத்துவிட்டு வேறு பதிப்பைத் தேடலாம். ஒரே புத்தகத்துக்கு இரண்டு மொழிபெயர்ப்பு இருந்தால் இரண்டையும் வாய்விட்டுப் படித்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். அட்டை அழகு இங்கே உதவாது.

அடுத்தது, வகுப்பின் மொழி. ஹிந்திப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வீட்டில் பேசுவது போஜ்புரியாகவோ கோண்டியாகவோ இருக்கலாம். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டு மொழி, ஹிந்தி தெரு மொழி. தமிழ் எழுத்தில் தயங்கும் அத்தகைய பிள்ளைக்கும் தமிழ்க் கதையைக் கேட்பதில் தயக்கம் இருக்காது. வரிக்கு வரி வீட்டு மொழியில் மாற்றிச் சொன்னால் கதை நொண்டும். எழுத்து மொழியின் ஓசை காதில் விழும் வாய்ப்பும் போய்விடும். புத்தகத்தில் உள்ளபடி படித்து, உரையாடலை மட்டும் ஊர்ப் பேச்சுக்குக் கொஞ்சம் வளைப்பது நடைமுறைக்கு ஒத்த வழி.

இன்னொரு கணக்கையும் வருடக் கடைசியில் பார்க்கவேண்டும். படித்த புத்தகங்களில் யாரெல்லாம் வந்தார்கள்? எல்லாக் கதையிலும் பையன்களே சாகசம் செய்தால், எல்லா வீட்டிலும் மாடிப்படி இருந்தால், வகுப்பில் பாதிப் பேர் விருந்தாளிகளாகவே இருந்துவிடுவார்கள். ஹைதராபாத்தின் அன்வேஷி அமைப்பு 2008-இல் 'டிஃபரண்ட் டேல்ஸ்' என்ற வரிசையைக் கொண்டுவந்தது இந்தக் குறையை மனதில் வைத்துத்தான். தலித், சிறுபான்மைக் குடும்பங்களின் பிள்ளைகள் அவற்றில் பரிதாபத்துக்குரியவர்களாக அல்ல, கதையின் சொந்தக்காரர்களாக வருகிறார்கள்.

பதினைந்து நிமிடம் போதும்

புத்தகம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு பள்ளியிலும் கதைப் புத்தகங்கள் உள்ள நூலகம் வேண்டும் என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பல இடங்களில் அந்த நூலகம் தலைமையாசிரியர் அறையின் பூட்டிய பீரோ. நேஷனல் புக் டிரஸ்டும் சில்ரன்ஸ் புக் டிரஸ்டும் 1957-இலிருந்து குறைந்த விலையில் புத்தகம் போட்டுவருகின்றன. போபாலின் ஏகலவ்யா 1985-இலிருந்து 'சக்மக்' என்ற சிறுவர் மாத இதழை நடத்துகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் பல மொழிக் கதைகளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். படித்துக் காட்டுவதற்கு முப்பது பிரதிகள் வேண்டாம் என்பது இதில் உள்ள பெரிய சௌகரியம். ஒரே ஒரு பிரதி போதும்.

நேரமும் அதிகம் வேண்டாம். தினம் பதினைந்து நிமிடத்தில் ஐந்தாறு பக்கம் போகும். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 120 பக்கப் புத்தகம் ஒரு மாதத்தில் முடியும். மூன்று நாள் படித்தும் வகுப்பு நெளிந்தால் வீம்பு பிடிக்காமல் வேறு புத்தகத்துக்கு மாறவேண்டும். முடிந்தவுடன் 'கதையின் நீதி என்ன?' என்று கரும்பலகையில் எழுதுவதை அறவே விடவேண்டும். பரீட்சை வரும் என்று தெரிந்த பிள்ளை கதை கேட்காது, குறிப்பெடுக்கும். 'ஹமீது வேறு என்ன வாங்கியிருக்கலாம்?' என்று பிள்ளைகளே சண்டை போட்டுக்கொண்டால் ஆசிரியர் குறுக்கிடாமல் இருப்பது நல்லது.

முடித்த புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடக்கூடாது. பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் விட்டுவைக்கவேண்டும். எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைக்கு முன்பின் தெரியாத பக்கம் சுவர்தான். ஆனால் கேட்ட கதையின் பக்கம் அப்படியல்ல. அடுத்து என்ன வரும் என்பது தெரியும், எந்தச் சொல் எங்கே விழும் என்பதுகூட ஞாபகம் இருக்கும். தனக்குப் பிடித்த இடத்தைத் தேடிப் புரட்டி, விரல் வைத்து, தெரிந்த சொல்லைத் தெரியாத எழுத்தோடு அது பொருத்திப் பார்க்கும். மூன்றாம் வகுப்போடு கைவிடப்பட்ட அந்தப் பதினைந்து பேருக்குத் திரும்பிவர இப்படி ஒரு வழியும் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவு ஒரு புத்தகத்தின் விலையும் ஒரு ஆசிரியரின் குரலும்தான்.